பன்னிரண்டாவது கதவு

என்னங்க,

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. பருப்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்க்காரர் நாலு மணிக்கு வருவார். மாடிச் சாவி செருப்பு அலமாரி மேல்.

மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆடும் அந்த விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகங்களும் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு இரவல் கொடுக்க வந்தபோது, சஸ்பென்ஸ் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் பயணம் என்று பச்சை ஒட்டிவிட்டேன், அதற்காக. "கொலை இல்ல, திருடன் இல்ல, ஆளில்லாத கிரகத்துல மணிக்கணக்கா நடக்கறதுல என்ன சஸ்பென்ஸ்?" என்று கேட்டேன். நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கிய காலோடு வேறு எப்படிக் கேட்பேன்?

இன்று காலை முதல் பாகத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாழடைந்த விண்கலம். பதினோரு கதவு திறந்தேன், ஒருத்தரும் இல்லை. கடைசியாகத் திறந்த அறையில் மட்டும் மேஜை மேல் ஒரு டம்ளர், அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது கதவைத் திறக்கக் கை வரவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

எப்படி சேவ் பண்ணுவதென்று தெரியவில்லை. கதவு முன்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கேம் பெட்டியை அணைத்துவிடாதீர்கள்.

ஸ்டிக்கரை இன்று மாற்றிவிடுகிறேன். மூன்றுக்கும்.

இன்னொன்று. அந்தக் கதவுக்குப் பின்னால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் வாயைத் திறக்காதவர், அதைச் சொல்வதற்காகத் திறந்துவிடாதீர்கள். ஆறரைக்கு வருவேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.