மூலை மடித்த பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

காலையில் தோளில் துவக்கும் இடுப்பில் தோட்டாக்களுமாக இரண்டு பேர் எங்கள் பாலர் பாடசாலைக்குள் வந்தார்கள். பிள்ளைகள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்த பள்ளிவாசல் படத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

“முஸ்லிம் பிள்ளைகள் நாளையிலிருந்து இங்க வரப்படாது, டீச்சர். எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பியுங்க.”

படத்தைக் கழற்றினேன். பிள்ளைகளை விடமாட்டேன் என்றேன். அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ.

“ஒண்டா விளையாடினாத்தான் தம்பி, பிள்ளைகள் கதைக்கப் பழகும். நான் சும்மா சொல்லல்ல, பார்த்துப் பார்த்து எழுதி வெச்சிரிக்கன்.”

பிள்ளைகளைக் கவனித்து எழுதும் கொப்பியை எடுத்து நீட்டினேன். ஏறாவூரிலிருந்து வரும் ரிஸ்வான் மூன்று மாதம் வாயே திறக்காதவன். குகனோடு மண்சோறு சமைத்து விளையாடிய அன்றுதான் பேசினான். அதை வாசிக்கட்டும் என்று அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தே கொடுத்தேன்.

“வாசிச்சிட்டுத் தாறம்” என்று கொண்டுபோய்விட்டார்கள்.

வென்றுவிட்டதாக நினைத்துப் பகல் முழுக்கத் திரிந்தேன். விளக்கை ஏற்றும்போதுதான் அந்தப் பக்கம் முழுவதும் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுவது என் வழக்கம்.

ரிஸ்வான்: “உன்ட வாப்பா எங்க?”

குகன்: “துவக்கு வெச்சிரிக்கிற ஆக்கள் தேடுறாங்க. அப்பா நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சிரிக்கார்.”

வெளியே ஊரடங்கு. குகனின் வீடு வாவிக்கு அந்தப் பக்கம். விடிந்தால்தான் தோணி.

கொப்பியில் அந்த வரிகளின் கீழே சிவப்பு மையில் என் குறிப்பும் இருக்கிறது: குகன் தெளிவாகப் பதில் சொல்கிறான்.