வீட்டுப் பாஷை

12 ஜனவரி 1931

எல்லாரும் தூங்கியாயிற்று. அப்பா பார்த்தால் இதைக் கிழித்துவிடுவார். இந்த வீட்டில் இப்போது தமிழ் கூடாது. ஜோலார்பேட்டை ரயில்வே பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும்போது, "எங்க வீட்ல இங்கிலீஷ்தான் பேசறது" என்று சொல்லிவிட்டார். அங்கே அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். அப்பா என்ஜின் ஷெட்டில் ஃபிட்டர், துரைகளோடு பேசிப் பழக்கம். அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பொய் தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் படிப்பு கிடையாது, கல்யாணம்தான். மாமா இரண்டு தரம் கேட்டாயிற்று.

20 ஜனவரி

நான் நாலாவது வரை படித்த ஆம்பூர் மிஷன் பள்ளியில் டீச்சர் ஒரு வரி இங்கிலீஷ் வாசிப்பார். நிறுத்தியதும் நாங்கள் உரக்க அதன் தமிழைச் சொல்வோம். இங்கே யாரும் அர்த்தம் சொல்வதில்லை. கேள்வியை மனதுக்குள் தமிழாக்கி, பதிலை இங்கிலீஷாக்குவதற்குள் ரயில் கார்டு மகள் டோரத்தி சொல்லி முடித்துவிடுகிறாள். எனக்குச் செவிட்டு ரூத் என்று பட்டம்.

3 பிப்ரவரி

எங்கள் டீச்சர் டிசில்வா மிஸ்ஸி சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். ஏன்? தெரிந்துபோயிற்றா?

5 பிப்ரவரி

அப்பா அம்மாவுக்கு "குட் ஈவினிங்", "ப்ளீஸ் சிட் டவுன்" சொல்லிக்கொடுத்தார்.

"மேல இன்னா கேட்டா இன்னா சொல்றது?"

"இருமு."

7 பிப்ரவரி

அம்மா இரண்டையும் சரியாகச் சொன்னாள். ரூத் வகுப்பில் வாயே திறப்பதில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று மிஸ்ஸி அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டார். அம்மா இருமினாள். மிஸ்ஸி அதையே மெதுவாக, பாடம் வாசிப்பதுபோல் சொல்லி நிறுத்தினார். உடனே என் வாய் தானாக முழுவதையும் உரக்கத் தமிழில் சொல்லிவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் சாப்புடுது" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். மிஸ்ஸி எழுந்து போய்விட்டார். முடிஞ்சிபோச்சு — எல்லாம் என்னாலதான். இன்னா செய்வேன்?

9 பிப்ரவரி

மிஸ்ஸி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மிஸ்ஸி பேசியதை அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார்:

"இங்க நாங்க இங்கிலீஷ் சொல்லித்தர்றதில்ல, பிள்ளைங்க வீட்லேர்ந்து கொண்டு வருது, உங்க பொண்ணுக்கு அடியிலேர்ந்து சொல்லித்தரணும், மொதல்லயே நெஜத்தச் சொன்னா இன்னான்னு கேட்டாங்க."

"அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. இங்கிலீஷுக்கு மட்டும் சின்னதுங்களோட ஒக்காரணுமாம். மத்ததெல்லாம் அஞ்சாங் கிளாஸ்லயே."

அவமானம்தான். ஆனால் இருக்கிறேன்.

17 மார்ச்

குட்டிப் பெஞ்சில் முட்டி இடிக்கிறது. மிஸ்ஸி ஒரு படத்தைக் காட்டி, இந்தப் பையன் ஏன் அழுகிறான் என்று கேட்டார். நான் உடனே எழுந்து இங்கிலீஷில் சொன்னேன். சின்னதுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. உட்கார்ந்த பிறகுதான், சொன்னதற்குத் தமிழில் என்ன என்று யோசித்தேன்.