மூன்றாம் மாதம் திறந்து பார்ப்பது

அன்னூர்,
12.1.2025

அன்பு மானசா கண்ணுக்கு,

உன் மாமன் திருமலைசாமி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. போனிலேயே பேசியிருப்பேன். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது. போட்டால் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் காயில் கட்டுகிறவன் முதல் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கிறது. மூத்திரப்பை சமாசாரத்தை ஊரைக் கூட்டியா பேச முடியும் அம்மணி? அதனால்தான் கடுதாசி.

ஆபரேஷன் அமோகம். டாக்டர் ஃபர்சானா மேடம் வயிற்றில் ஒரு கீறல் போடாமல், மூத்திரம் போகிற வழியிலேயே குழாயை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்துப்போட்டார்கள். சுண்டைக்காய் அளவு என்றார்கள். என் கணக்கில் எலுமிச்சம்பழம். "இப்பிடியொரு தைரியசாலிய நான் பார்த்ததே இல்லீங்க" என்று மேடம் நர்ஸிடம் சொன்னார்களாம். முதுகில் போட்டார்களே ஒரு ஊசி, அது போர்வெல் குழாய் நீளம்! அதைப் பற்றி மட்டும் தனியாக மூன்று பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், படி.

ரிப்போர்ட் நகலும் இருக்கிறது. புற்றுநோய் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஆரம்பமாம், அபாயம் குறைவாம். மூன்றாம் மாதம் வந்து கேமராவில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துப்போட்டதைத் திரும்ப எதற்குப் பார்ப்பது? நான்தான் ஜம்மென்று இருக்கிறேனே!

போன வாரம் செங்கோட்டையன் தோட்டத்தில் ஒரே சண்டை. நான் காயில் கட்டிக் கொடுத்த மோட்டாரை மூன்றாம் மாதம் நானே தூக்கித் திறந்து பார்ப்பேன். அன்னூரிலிருந்து அவிநாசி வரைக்கும் இப்படிச் செய்கிற ஆள் நான் ஒருத்தன்தான். "ஏனுங்க, நல்லாத்தானே ஓடுது, சும்மா உடுங்க" என்றான். விட்டேனா? திறந்தால் உள்ளே ஈரம் ஏறிக் கிடக்கிறது. அப்படியே காலில் விழுந்துவிட்டான். (விழப் பார்த்தான். நான்தான் தடுத்தேன்.)

உன் மாமன்,
திருமலைசாமி


சென்னை,
20.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஊசிப் புராணத்தை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

ரிப்போர்ட்டையும் பார்த்தேன். இப்படிப்பட்ட செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதானே என் வேலை. எலுமிச்சை இல்லை மாமா, சுண்டைக்காய்தான். அதற்குச் சந்தோஷப்படுங்கள். ஒரே ஒரு கட்டி, சின்னது, பையின் உள்தோலோடு நின்றுவிட்டது, சதைக்குள் இறங்கவில்லை. செல்லும் மெதுவாக வளர்கிற சாதி. வந்ததும் முதல் தடவை. இத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் அபாயம் குறைவு என்கிறார்கள். ஒன்று மாறினாலும் கணக்கு மாறும்.

ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. இந்த வகைக் கட்டி ஆளைக் கொல்வது அபூர்வம். திரும்பி வருவதுதான் அதன் குணம். வந்தால் வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. மூன்றாம் மாதம் என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் அடுத்து எப்போது பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். கட்டாயம் போங்கள்.

அந்த சிகரெட்டையும் விடுங்கள். புகையில் இருக்கிற விஷம் ரத்தத்தில் கலந்து, கடைசியில் அந்தப் பையில்தான் வந்து தேங்குகிறது.

அன்புடன்,
மானசா


அன்னூர்,
30.3.2025

அன்பு மானசாவுக்கு,

பஸ்ஸில் தனியாகவே கோயமுத்தூர் போய்க் கேமரா போட்டுப் பார்த்தாகிவிட்டது. சுத்தமாக இருக்கிறது. கவலை வேண்டாம்.

அப்புறம், வெள்ளகோவில் கல்யாணத்தில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. நான் மட்டும் போகவில்லை என்றால் இருட்டில்தான் தாலி கட்டியிருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன் பார், மண்டபமே கை தட்டியது! மாப்பிள்ளையை விட என்னைத்தான் அதிகம் போட்டோ எடுத்தார்கள்.

திருமலைசாமி


சென்னை,
5.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போகவில்லை.

அத்தையிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவர் மேல் பாய வேண்டாம். உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஊசிக்கு மூன்று பக்கம் எழுதிய மனுஷர், கேமராவுக்கு ஒரு வரியா? அந்தக் கேமரா எந்த வழியாகப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போட்டுவிட்டு வந்தவர் எரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பாமல் ஜெனரேட்டர் கதை சொல்வாரா? டாக்டர் உங்களைப் பாராட்டியதாகக்கூட எழுதவில்லையே!

செங்கோட்டையன் மோட்டாரும் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? அதைச் சண்டை போட்டுத் தூக்கினீர்கள். உங்களுக்காகச் சண்டை போட நான் அங்கே இல்லை. பயமாக இருந்தால் பயம் என்று எழுதுங்கள், மாமா. நானும் இங்கே பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மானசா


அன்னூர்,
17.4.2025

என் தங்கம் மானசாவுக்கு,

உன் கடுதாசியை வாசலில் நின்றே படித்தேன். அப்புறம் உன் அத்தையிடம் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும் வரைக்கும் பட்டறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் சத்தம் அங்கேயும் கேட்டது. ஸ்பீக்கர் இல்லாமலே!

நேற்றுப் போனோம். கேமரா என்றால் கல்யாணக் கேமரா மாதிரி என்று நினைத்துவிடாதே. பாம்பு! ஏழடி இருக்கும். ஜெல்லியைத் தடவி அவர்கள் அதை விட்ட வழியை நினைத்தால் இப்போதும் கால் கூசுகிறது. இன்னொருத்தனாக இருந்தால் ஓடியிருப்பான். நான் டிவியில் என் மூத்திரப்பையை நானே பார்த்தேன். இளஞ்சிவப்பாக, பன்னீர் ரோஜா இதழ் மாதிரி பளபளவென்று! "இவ்வளவு அழகான பையை நான் பார்த்ததில்லீங்க" என்று ஃபர்சானா மேடம் சொல்ல வாயெடுத்தார்கள். அடக்கத்தால் நான் சொல்ல விடவில்லை.

சொன்னது இது: "இப்ப சுத்தமா இருக்குதுங்க. இனி வரவே வராதுன்னு நான் சொல்லலீங்க. பொங்கல் கழிச்சு மறுபடி வாங்க." வாரேன் என்று சொல்லிவிட்டேன். நான் கட்டிக் கொடுத்த மோட்டாருக்கு நானும் அப்படித்தான் சொல்வேன், வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேச வேண்டும். எனக்கு அந்த மேடத்தைப் பிடித்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் எரிந்த எரிச்சல் இருக்கிறதே கண்ணு, மிளகாய்த் தூளைக் கரைத்துக் குடித்த மாதிரி! அதைப் பற்றித் தனியாக ஐந்து பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சிகரெட் பாக்கெட்டைச் சாக்கடையில் போட்டுவிட்டேன். பயமெல்லாம் எனக்குத் துளிகூட இல்லை.

உன் மாமன்,
திருமலைசாமி

மானசா கண்ணு, அத்தை வெங்கடலட்சுமி எழுதறேன். போனது நெசம், சுத்தம்னு சொன்னதும் நெசம், எரிச்சலும் நெசம். பாம்பு ஒரு முழம்தான் இருக்கும்னு நர்ஸ் சொல்லுச்சு. உள்ளே கூப்புடற வரைக்கும் உங்க மாமன் என் கையைப் புடிச்ச புடியில கண்ணாடி வளையல் ரெண்டு ஒடைஞ்சுபோச்சு. பொங்கலுக்கு நீ வரும்போது வளையல் வாங்கிட்டு வா. ரெண்டு டஜனா வாங்கு, மறுபடி போகோணுமில்ல.