பட்டாளத்துக்காரருக்கு எந்தக் கட்டம்?

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் ரூபாவுக்கு அப்பா ரத்தினவேல் எழுதிக்கொள்வது.

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். என் போனை என்னைவிட உன் அம்மாதான் அதிகம் பார்க்கிறாள், அதனால்தான்.

ஸ்காட்லாந்திலிருந்து உன் வருங்கால மாமியார் அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே கைக்குட்டை அளவில் கம்பளித் துண்டுகள், எல்லாம் கட்டம் போட்டவை. கூடவே ஒரு சீட்டு. அங்கே நடக்கும் கல்யாணத்தன்று பெண்ணின் அப்பாவும் அவர்கள் வழக்கப்படி இடுப்பில் கில்ட் கட்ட வேண்டுமாம். ராணுவத்தில் இருந்தவராயிற்றே, தன் சேவைக்குப் பொருத்தமான கட்டத்தை அவரே எடுக்கட்டும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஒன்று தரைப்படைக்காம், ஒன்று கப்பல்படைக்காம், மற்றதை யார் வேண்டுமானாலும் கட்டலாமாம்.

பாவாடை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு வெட்கமில்லை அம்மிணி. நம்ம ஊர் ஹனூரில் லுங்கியைத் தூக்கிக் கட்டித் திரிந்தவன்தானே நான். ராணுவம்தான் இடிக்கிறது. நான் எந்த ராணுவத்தில் இருந்தேன்? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிக்குச் சக்கரம் மாட்டினேன். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, லெப்டினன்ட் கர்னலாக ரிட்டையரானவள் உன் அம்மா. வீட்டில் பட்டாளம் உண்டு என்று நீ சொல்லியிருப்பாய், அவர்கள் அது ஆம்பளைதான் என்று நினைத்திருப்பார்கள். இல்லை, தெரிந்தும் நீ அப்படியே விட்டுவிட்டாயா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தச் சீட்டை எனக்குப் படித்துச் சொன்னதே அவள்தான். கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். பச்சை உங்களுக்கு எடுப்பாக இருக்கும், நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் பிளேனில் உட்கார முடியாது என்றாள். மூட்டு வலியாம்! தினம் காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றும்போது என்னை முந்திக்கொண்டு போகிறவள்.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை சாமி. நீ பெரியவளானபோது அவள் ஜம்முவில் இருந்தாள். சீருக்கு வந்த சனமெல்லாம் அம்மா எங்கே என்று கேட்டதும், நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டதும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. உனக்குத் தலை பின்னப் பழகியவன் நான். ஆனால் லீவு கிடைக்காமல் அவள் அங்கே போனில் அழுததைக் கேட்டவனும் நான்தான். யார் பக்கம் பேசுவேன் சொல்லு?

கில்ட் தைக்க எத்தனை மீட்டர் ஆகும் என்று கேட்க, துண்டுகளை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லா டெய்லர் சுப்பையாவிடம் போனேன். பெட்ஷீட்டா என்று கேட்டுச் சிரித்தான். பிறகு மெதுவாக ஒரு விஷயம் சொன்னான். போன மாசமே உன் அம்மா பட்டு ஜாக்கெட் துணி கொடுத்தாளாம், மகள் கல்யாணம், குளிர் ஊர், முழுக்கை வைத்துத் தை என்று. பார்சல் வந்த மறுநாள் போய், தைக்க வேண்டாம், துணியைக் கொடு என்றாளாம். வெட்டியாகிவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பினானாம். அவன் இன்னும் கத்தரியே வைக்கவில்லை. தைக்கட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இதுதான் நிலவரம். அந்தக் கட்டம் போட்ட கம்பளியில் பெண்களுக்குத் தோளில் போடும் சால்வை உண்டாமே, மாப்பிள்ளை ஆன்ட்ரூ வீடியோவில் சொன்னார். ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கி நிறுத்தியவளுக்கு எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியாது. அதை நான் எடுக்கவும் கூடாது.

நீ அவளுக்குப் போன் பண்ணு. எனக்கில்லை, அவளுக்கு. கோபத்தை விடு என்று சொல்ல மாட்டேன், திட்டுவதானாலும் திட்டு. திட்டி முடித்த பிறகு, எந்தக் கட்டம் வேண்டும் அம்மா என்று கேள். நான் எழுதியதாகச் சொல்லாதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை கண்ணு.

உன் அப்பா,
ரத்தினவேல்