நான் வராத விண்ட்சர்

இங்கத்து வேலை விசா புதுப்பிக்க ஆபீசில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். காலையில் எடுத்துப் புரட்டினேன். கனடா விசா ஒட்டிய பக்கம் வந்தது. ஒரு முத்திரைகூட விழாமல் பளிச்சென்று இருந்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அந்த விசா எனக்குக் கிடைத்ததே உனக்குத் தெரியாது.

வளைகுடாவுக்கு வேலைக்கு வந்து, கராமாவில் ஒரே அறையில் ஆறு வருஷம் கிடந்தோம். கனடாவில் குடியேற ஒன்றாகத்தான் மனு போட்டோம். உனக்குக் கிடைத்தது. எனக்கு வயசு கூடிவிட்டது என்றார்கள். ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

நீயாவது சும்மா இருந்தாயா? வாரம் தவறாமல் விண்ட்சரிலிருந்து வீடியோ. "எலேய், ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரியுதுல்லா, அது அமெரிக்கா. எல்லா இடத்துலயும் கனடாவுக்குத் தெக்கதானே அமெரிக்கா? இங்க வடக்க இருக்கு பாத்துக்கோ!" அமெரிக்காவில் அடிமைகளாய் இருந்தவர்கள் தப்பிவந்து, அந்த ஆற்றைக் கடந்து விடுதலையான கரை நீ நிற்பது என்றாய். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், உறைந்த ஆற்றின் மேலேயே காரை ஓட்டி அக்கரைக்குச் சாராயம் கடத்தினார்களாம். கரையோரப் பூங்காவில் தாய் யானை, குட்டிகள் சிலையருகே நின்று, "கோயில் யானைய விட்டுட்டு வந்தோம்னு பாத்தா இங்கயும் நிக்குலே" என்று சிரித்தாய்.

நான் கட்டட சைட்டில் வெயிலில் நின்று அதையெல்லாம் பார்ப்பேன். "சூப்பர்லே" என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். ஆறாம், அக்கரையாம், யானையாம்! மத்தியானச் சோறு இறங்காது.

"ஒரு தடவ வந்துட்டுப் போலே" என்று நச்சரித்தாய். உன் தொல்லைக்காகத்தான் விசிட் விசாவுக்கு மனு போட்டேன். கிடைத்தும் விட்டது. அன்றைக்குப் பார்த்து நீ புது வீட்டின் படம் அனுப்பியிருந்தாய். விருந்தாளியாக வந்து, அதைச் சுற்றிப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ரிஜெக்ட் ஆயிட்டுலே, கலாஸ், முடிஞ்சு போச்சு" என்று பொய் சொன்னேன். அங்கே வர எடுத்த லீவை ஊரில், பாளையங்கோட்டையில் கழித்தேன்.

"விடுலே, நான் பாக்கேன்" என்றாய். என்னத்தைப் பார்ப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பனிக்காலத்திலேயே உனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

போன வாரம் உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, அவிய மேசைய ஒதுங்க வச்சேன். உங்க பேர்ல ஒரு ஃபைல் இருக்கு. உங்களுக்கு விசா இல்லன்னுட்டாங்கன்னு இங்க எம்.பி. ஆபீசுக்குப் பனியில மூணு தடவ போயிருக்காவ. உங்க கையெழுத்து வேணும்னு ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. எங்க போடணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருக்காவ. அனுப்பட்டாண்ணே?"

"டியூட்டில இருக்கேம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்க முடியவில்லை. உனக்கு ஒன்று கிடைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒன்று கிடைக்கவில்லை என்றதும் நீ பனியில் அலைந்திருக்கிறாய். உன் ஊர்மேல் இருந்த பொறாமை போய்விட்டது. உன் மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று இப்போது எரிகிறேன்.