அடைத்த ஓட்டை

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சௌக்கியம், நீ அங்கே சௌக்கியமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். சௌக்கியமாகத்தான் இருப்பாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என் வீட்டைப் பற்றி முடிவெடுக்கிற அளவுக்குத் தெம்பு இருந்திருக்கிறதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, உன் அத்தானின் முகம் உட்பட. அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

வீட்டுக்குப் பின்னால் தளத்தில் நான் வைத்திருந்த தொட்டிகள் உனக்குத் தெரியும். முட்டி மடங்காது என்று ஆனபிறகு இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்த மாதிரி பார்த்து வாங்கினேன், பக்கத்து வீட்டுத் தையல்காரி கூடமாட நின்று பூட்டித் தந்தாள். அடியில் தண்ணீர் நிற்க ஓர் அறை, மேலிருந்து அதற்குள் ஊற்ற ஒரு குழாய், மண் தனக்கு வேண்டியதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், அதிகமானால் பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அவ்வளவுதான் விஷயம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். தக்காளி, பீன்ஸ், கத்திரி, ஒரு தொட்டி நிறையக் கீரை என்று ஒரு வருஷமாகக் கடைக்குப் போகாமல் சமைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு குனியாதே, தூக்காதே என்று டாக்டர் சொன்னதால் உன் அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செடிகளை நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க கவலையே படாதீங்க என்று சாவியை வாங்கிக்கொண்டார் உன் அத்தான்.

பார்த்துக்கொண்டார். தளம் அமைதியாக இருக்கிறது என்று ஒரு மேசையைப் போட்டு, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தன் ஆபீஸ் ஆட்களிடம் உரக்கப் பேச அங்கே உட்கார ஆரம்பித்திருக்கிறார். மழைக்காலம் ஆயிற்றே, தொட்டியின் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி ஐயாவின் காலடி நனைந்ததாம். தொட்டி பழுது என்று அவராகவே தீர்ப்புச் சொல்லி எல்லா ஓட்டையையும் வெள்ளைப் பசை வைத்து அடைத்துவிட்டார். பெய்கிற மழையெல்லாம் உள்ளேயே நின்று வேர் மூழ்கிச் செடி தலையைத் தொங்கப் போட்டது. உடனே நம்ம மேதாவிக்குத் தோன்றியது என்ன, தாகம்! குழாயில் இன்னும் தண்ணீர் ஊற்றினார், உரத்தை இரண்டு மடங்காக்கினார். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்றவள் நான், சீட்டைப் படிக்காமல் மாத்திரையைக் கூட்டி விழுங்குகிற இந்த ஜாதியை நன்றாகத் தெரியும். கேட்டால் எல்லாம் தெரியும் என்பார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடுவது நாம்தான்.

செடி செத்ததோடு விட்டாரா என்றால் இல்லை. அதைப் போட்டோ எடுத்து உன் அக்காவிடம் காட்டி, நான் போய்ப் பாத்தப்பவே செடியெல்லாம் இப்படித்தான் கெடந்துது, அத்தையால முன்ன மாதிரி முடியல, ஒரு செடியக்கூட உயிரோட வெச்சுக்கத் தெரியல, தனியா விடுறது ஆபத்து என்று ஆரம்பித்திருக்கிறார். என்னைத் தங்களோடு வைத்துக்கொள்வதாம், தளத்துக்குக் கண்ணாடிச் சுவர் எழுப்பி என் வீட்டைத் தன் ஆபீஸ் ஆக்கிக்கொள்வதாம். உன் அக்கா பாவம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதாள், எனக்குக் காரணம் தெரியவில்லை, கண்ணைப் பற்றி டாக்டர் எதையோ மறைக்கிறாரோ என்று பயந்தேன்.

வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தளத்தில் கண்ணாடிக்காரர் ஒருவர் நாடாவை இழுத்து அளந்துகொண்டிருந்தார். என் வீட்டில், எனக்குத் தெரியாமல்! உன் அத்தான் குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுவதுபோல், வருத்தப்படாதீங்க அத்தை, வயசானா இப்படித்தான் என்றார். தக்காளித் தொட்டிக்குள் கையை விட்டேன், சேறு, சாக்கடை நாற்றம். பக்கவாட்டைத் தடவினால் பசை. கண்ணாடிக்காரரிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி ஒரு குத்துக் குத்தினேன். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து உன் அத்தானின் வெள்ளை ஷூவை நனைத்தது. யாருங்க இத அடைச்சது என்று அக்கா கேட்டாள். ஒழுகிச்சு, அதான் சரி பண்ணேன் என்றார். ஒழுகறதுக்குத்தான் அந்த ஓட்டை என்றேன் நான். அதற்குப் பிறகும் அந்த மனுஷன் வாயை மூடவில்லை, தண்ணீர் அழுத்தம் என்று கண்ணாடிக்காரருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவர் பாவம், நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

உன் அக்கா அத்தானின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள், மேசையை எப்ப எடுத்துட்டுப் போறீங்க என்று மட்டும் கேட்டாள். அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு காருக்குப் போனார். அவள் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அழுகிய மண்ணை அத்தனையும் அள்ளிக் கொட்டினாள். நான் நம்பிட்டேம்மா என்றாள். சரி, அந்த வாளியை எடு என்றேன், வேறென்ன சொல்ல. கத்திரி ஒன்று மட்டும் பிழைக்கும் போலிருக்கிறது, மீதிக்குப் புது மண் போட்டு விதைத்தாகிவிட்டது.

அவரை விடு, வெளியிலிருந்து வந்த ஆள். அதே போட்டோவை உனக்கும் அனுப்பினாராம், அத்தான் சொல்றதுதான் சரி என்று நீயும் பதில் போட்டாயாம். என் பிள்ளை. செடி வாடிக் கிடந்தது உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா, உன் செடிக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை. நான் போனைத் தலைமாட்டிலேயேதான் வைத்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நூறு வயசு நன்றாக இரு, கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். என்னைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் என்னிடம் கேள்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடும் புத்தியோடும் இருக்கிற
உன் அம்மா