ஊசியைத் தூக்கி வைக்க ஓர் ஆள்

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40.
எழுதிய கடிதம் 3. வந்த பதில் 0.

நர்சம்மாவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். "போன்ல நீ என்னைப் பேசவே விடறதில்ல, எழுது" என்று சொல்லிவிட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. எழுதுகிறேன். பதில் போட எதிரில் ஓர் ஆள் வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா உனக்கு விட்டுப்போன நாற்பது இசைத்தட்டுகளும் கட்டிலடியில் படுத்துக் கிடந்தன. அப்படிப் போட்டால் வளைந்துவிடும். யார் போட்டது என்று கேட்க மாட்டேன். நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிளும் வாங்கியாயிற்று. பெல்ட்டில் சுற்றுவது. ஊசியைக் கையால் வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும். "பாட்டு முடிஞ்சா ஊசியத் தானா எடுத்துக்கிற மாதிரி வாங்கு" என்றாய், ஊருக்குக் கிளம்பும்போது. அதெல்லாம் சோம்பேறிகளுக்கு. உள்ளே பல்சக்கரம் கூடினால் இரைச்சல் கூடும், பழுதும் கூடும். லிஃப்ட் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன், நம்பு.

முதல் நாள் நான் நடந்தாலே ஊசி குதித்தது. மேசையின் ஆட்டம். சுவரில் பலகை அடித்து ஏற்றினேன். ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, ஊசியின் அழுத்தத்தைக் குட்டித் தராசில் 1.8 கிராமுக்குக் கொண்டுவந்தேன். இப்போது பாடுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது.

மாதக் கடைசியில் அந்தக் குவார்ட்டர்ஸ் அறையை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்துவிடு. ஆறு மாதம் போதும்.

– இன்ஜினீயர்


மார்ச் 17

அன்புள்ள இன்ஜினீயர் சாருக்கு,

டியூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். குனிந்தால் நிமிர முடியாது போலிருக்கிறது.

பலகை, தராசு எல்லாம் படித்தேன். நன்றாகத்தான் செய்திருப்பாய். ஆனால் தானாக எடுத்துக்கொள்கிற கருவியை ஏன் கேட்டேன் என்று நீ கேட்கவே இல்லையே. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் மூன்றாவது பாட்டுக்குள் தூங்கிப்போவேன். தட்டு அது பாட்டுக்குச் சுற்றும். ஊசி கடைசிக் கோட்டில் உரசிக்கொண்டே கிடக்கும். நீ வருவாய். "ஒரு ஊசியத் தூக்கி வைக்கக்கூடவா உனக்குத் தெம்பில்ல?" படிக்கும்போதே அந்தக் குரல் கேட்டுவிட்டது. துணியை மெஷினிலேயே விட்டதற்கும், பாலைப் பொங்கவிட்டதற்கும் இதே குரல்தான். நான் சண்டை போட்டு வரவில்லை, களைத்துப்போய் வந்தேன்.

ஹெட் நர்ஸ் அக்கா நேற்றும் கேட்டார்: "ஏம்மா, வீட்டுக்குப் போறியா, இங்கயே இருக்கியா? உன் ரூமுக்கு ஆள் நிக்குது. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு." "சொல்றேன்க்கா" என்றேன். என்ன சொல்வது?

நேரத்துக்குச் சாப்பிடு.

– நான்தான்


மார்ச் 23, ஞாயிறு

நர்சம்மாவுக்கு,

உன் கடிதம் படித்ததும் கோபம்தான் வந்தது. ஊசியை முடிவில் தூக்கிவிடும் சின்ன இணைப்பு தனியாகக் கிடைக்கிறது, மாட்டினால் தீர்ந்தது என்று படம் போட்டு மூன்று பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை.

வியாழக்கிழமை ஒரே கட்டடத்தில் மூன்று லிஃப்ட் படுத்துவிட்டன. விடியலில் போனவன் சாயங்காலம்தான் வந்தேன். கையைக் கழுவி, ஒரு தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்ததுதான் தெரியும். விழித்தபோது டக்... டக்... என்று ஊசி உரசிக்கொண்டிருந்தது. எட்டி எடுக்க ஐந்தடி தூரம். எழ முடியவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தேன். திட்ட ஆளில்லாதது அவ்வளவு சுகமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: இந்தச் சுகத்துக்காகத்தான் நீ அங்கே இருக்கிறாய்.

மறுநாள் கடைக்குப் போய்க் கருவியை மாற்றித் தரக் கேட்டேன். கடைக்காரர் விடுவாரா?

"என்ன தம்பி, ஆட்டோமேட்டிக் எல்லாம் சோம்பேறிக்குன்னு அன்னிக்கு எனக்கே கிளாஸ் எடுத்தீங்க?"

"ஆமாங்க. அந்தச் சோம்பேறி நான்தான். கொடுங்க."

அறையை விடாதே. அக்காவிடம் "இருக்கேன்" என்று சொல்லிவிடு. நான் கேட்டதற்காக வர வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கருவியையும் ஸ்பீக்கரையும் தட்டுகளையும் கொண்டுவருவேன்.

2. எங்கே வைப்பது என்று நீ காட்டு. அந்த இடம் தப்பு என்று எனக்குத் தோன்றினாலும் அங்கேதான் வைப்பேன்.

3. ஒரு பக்கம் முழுதும் ஓடவிட்டு, ஊசி தானாக எழுந்து திரும்புகிறதா என்று பார்ப்பேன். அதற்குள் நீ தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டேன்.

4. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாலை ஐந்தரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திரும்புவதற்கு எனக்கு மட்டும் டிக்கெட் ஒன்றுதான் எடுத்திருக்கிறேன்.